என் மாமியாரின் கட்சிக்காரர்கள்

நான் பெண் பார்க்கப் போன அன்று, கேசரியை வாயில் வைக்கப்போன நேரத்தில் உள்ளறையிலிருந்து ஒரு பெண்குரல் "அப்ஜெக்‌ஷன்!" என்று கத்தியது.

என் தாய்மாமா கடித்த பஜ்ஜியைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டார். பெண்ணுக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது என்று என் அம்மா கண்ணாலேயே எனக்குச் சொன்னார். ஆனால் பெண் எங்கள் எதிரேதான் காபித் தட்டுடன் நின்றிருந்தாள். அவள் வாயே திறக்கவில்லை. அவளுடைய அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணுமில்லைங்க. அவ கோர்ட்டுல இருக்கா. இந்தா வந்துருவா."

"சம்பந்தியம்மா வக்கீலுங்களா? தரகர் சொல்லவே இல்லையே" என்றார் அம்மா, குரலில் திடீர் மரியாதையுடன்.

"இல்லைங்க. வீடியோ கேமு."

சற்று நேரத்தில் அந்தம்மாவே வெளியே வந்தார். நல்ல பட்டுப்புடவை. அதன்மேல் கணவரின் ஸ்வெட்டர். தலையில் குரங்குக் குல்லா. கொடைக்கானலில் கார்த்திகையில் எல்லாரும் இப்படித்தான் இருப்பார்கள் என்றாலும், பெண் பார்க்கும் வீட்டில் குல்லாவையாவது கழற்றியிருக்கலாம்.

"மன்னிச்சுக்கங்க சம்பந்தி. சாட்சிக்காரன் பொய் சொல்லிட்டான். அப்படியே விட்டுட்டு எந்திரிச்சு வர மனசு வரல" என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "கேசரி சாப்பிடுங்க மாப்ள."

இன்னும் ஒன்றுமே முடிவாகவில்லை. அதற்குள் மாப்ள. திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் அம்மா "அந்தம்மா ஒரு மாதிரி" என்றார். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கடைசியாக ஒரு முறை சொன்னார். எனக்கு அதற்குள் சம்மதம் வந்துவிட்டது. பெண்ணைப் பிடித்ததா, மாமியாரைப் பிடித்ததா என்று என் மனைவி இன்றுவரை கேட்கிறாள்.

அது ஒரு கையடக்க விளையாட்டுக் கருவி. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மைத்துனன் புதிதாக வேறொன்று வாங்கிக்கொண்டு, பழையதை அம்மாவிடம் தள்ளிவிட்டிருந்தான். கார் ஓட்டுகிற விளையாட்டு, பழம் வெட்டுகிற விளையாட்டு எல்லாம் அதில் இருந்தன. அத்தை எதையும் தொடவில்லை. கோர்ட்டு விளையாட்டு ஒன்றுதான். அதில் நீங்கள்தான் வக்கீல். உங்கள் கட்சிக்காரர் மேல் கொலைப்பழி விழுந்திருக்கும். கத்தியில் அவர் கைரேகை, சட்டையில் ரத்தம், கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல ஒரு சாட்சி. கொலை நடந்த இடத்துக்குப் போய் மேசைக்கு அடியிலும் பூச்சட்டிக்குப் பின்னாலும் துழாவித் தடயம் சேர்க்க வேண்டும். பிறகு சாட்சி சொல்வதை ஒவ்வொரு வரியாகக் கேட்டு, பொய் வருகிற இடத்தில் பொத்தானை அமுக்கி ஆட்சேபிக்க வேண்டும். தப்பான இடத்தில் அமுக்கினால் நீதிபதி முறைப்பார். ரொம்பத் தப்பு செய்தால் உங்கள் ஆள் உள்ளே போய்விடுவான். பொத்தானை அமுக்கினால் கருவியே "அப்ஜெக்‌ஷன்" என்று கத்தும். அத்தைக்கு அதன் சத்தத்தில் திருப்தி இல்லை. தானும் கூடச் சேர்ந்து கத்துவார்.

எனக்கு வத்தலக்குண்டில் செல்போன் கடை. சார்ஜர் கெட்டுப்போனால், பொத்தான் சிக்கிக்கொண்டால், அத்தை எனக்குத்தான் போன் செய்வார். "மாப்ள, வெரசா வாங்க. என் ஆளு கூண்டுல நிக்கிறான், இங்க பேட்டரி செத்துக் கெடக்கு." மகளை விசாரிக்க மாட்டார். பேட்டரியை விசாரித்துவிட்டு வைத்துவிடுவார்.

ஓய்வு பெறும்வரை அவர் ஒரு பள்ளிக்கூட விடுதியில் வார்டனாக இருந்தவர். யார் பிஸ்கட் எடுத்தது, யார் சுவரேறிக் குதித்தது, யார் படுக்கைக்கு அடியில் நாய்க்குட்டி வளர்க்கிறது என்று விசாரித்துத் தண்டனை கொடுத்தே காலம் போயிருந்தது. ஏன் இந்த விளையாட்டு மேல் இவ்வளவு பைத்தியம் என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க நான்தான் போலீசு, நான்தான் ஜட்ஜு, ஜெயிலரும் நான்தான். வக்கீல் போஸ்ட்டு மட்டும் கடைசி வரைக்கும் காலியாவே கெடந்துச்சு மாப்ள. அந்தப் பிள்ளைகளுக்காகப் பேச ஒரு ஆளு இல்ல. அதான் இப்ப நான் சேந்துட்டேன்."

சேர்ந்தவர் கருவியோடு நின்றிருந்தால் எங்களுக்கு நிம்மதி. அவர் நிற்கவில்லை. யார் யாரைக் குறைசொன்னாலும், குற்றவாளியின் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பாலில் தண்ணீர் என்று மாமனார் முணுமுணுத்தால், "கறக்கும்போது மழை பெஞ்சுச்சா இல்லையா, விசாரிச்சீங்களா?" என்பார். தொலைக்காட்சித் தொடரில் மருமகளுக்கு விஷம் வைக்கும் நாத்தனாருக்காக மூன்று மாதம் வாதாடினார். காட்டுமாடு இறங்கித் தெருவில் ஒருவர் வீட்டு முட்டைக்கோஸை மேய்ந்துவிட்டுப் போனபோது, "வேலி போட்டவன் மேல கேஸ் போடாம மேஞ்சவன் மேல போடுறீங்களே" என்று முட்டைக்கோஸ்காரரிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவர் காலமான பிறகு அந்தத் தெருவில் குற்றவாளிகள் பெருகிவிட்டார்கள் என்று என் மனைவி சொல்வாள். உண்மைதான். இருந்தவரை யாரையும் குற்றவாளி என்று சொல்ல அவர் விட்டதில்லை.

என் அம்மா ஒருமுறை மலைக்கு வந்திருந்தார். செய்தியில் ஒரு கொலை வழக்குக் கைதியைத் தலையில் துண்டைப் போட்டு மூடி இழுத்துப்போனார்கள்.

"பாவி, இவனையெல்லாம் நிக்க வச்சுச் சுடணும்" என்றார் அம்மா.

"நீங்க பாத்தீங்களா சம்பந்தி?"

"டிவியில காட்டுறான்ல?"

"டிவியில காட்டுறது துண்டு. துண்டுக்குள்ள யாரு இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?"

அம்மா மாத்திரை டப்பாவைத் தேடினார். அடுத்த பஸ்ஸுக்கே கிளம்புகிறேன் என்றார். அத்தை அன்போடு பிளம்ஸ் ஜாம் கட்டிக்கொடுத்து அனுப்பிவைத்தார்.

அவர் நமக்காக வாதாடுவது இன்னும் ஆபத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் பிளாஸ்க் உடைந்து கிடந்தது. நான்தான் உடைத்தேன் என்று அவள் தீர்மானமாகச் சொன்னாள். நான் உடைக்கவில்லை. அத்தை குல்லாவைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "பதினோரு மணி வரைக்கும் பிளாஸ்க் நல்லாத்தான் இருந்துச்சு, நான் பாத்தேன். பதினோரு மணிக்கு மேல மாப்ள வீட்டுலயே இல்ல" என்றார்.

"எங்க போனாரு? பல்லு டாக்டருட்ட போறேன்னுல்ல சொன்னாரு?"

"டாக்டருக்கு ஞாயித்துக்கெழம லீவு. மாப்ள சட்டைப் பையில பேக்கரித் தாள் இருக்கு, பாரு. அதுல கிரீம் ஒட்டிக்கெடக்கு. ஆக, உடைச்சது இவரு இல்ல. கனம் கோர்ட்டார் அவர்களே, என் கட்சிக்காரரு நிரபராதி."

எனக்குச் சர்க்கரை வியாதி. மனைவி பிளாஸ்கை அந்த நொடியே மறந்துவிட்டாள். அத்தை மட்டும் வழக்கை ஜெயித்த பூரிப்பில் என் தோளைத் தட்டினார். கட்சிக்காரனுக்கு என்ன ஆனது என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். உண்மை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம், வழியில் யார் காலை மிதித்தாலும், கடைசிவரை போய்விடுவார். அது எவ்வளவு தூரம் போகும் என்று நாங்கள் கண்டது கர்னல் வீட்டு நாய் செத்த அன்றுதான்.

கர்னல், அத்தை வீட்டுக்குக் கீழே சரிவில் அடுத்த வீட்டுக்காரர். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, சென்னையை விட்டு வந்து மலையில் பங்களா கட்டிக்கொண்டவர். அவரிடம் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய் இருந்தது. பெயர் பிரின்ஸ். தோட்டவேலைக்குப் பாச்சலூர்க்காரரான கருப்பையா, பங்களாவின் பின்னால் ஓர் அறையில் மனைவியோடு தங்கியிருந்தார்.

தை மாதம். புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அன்று நானும் மனைவியும் அத்தை வீட்டில்தான் இருந்தோம். காலை வெள்ளனே கருப்பையாவின் மனைவி அழுதுகொண்டே ஓடிவந்தார்.

"அம்மா, நாயி செத்துப்போச்சும்மா. எங்க வீட்டுக்காரருதான் வெசம் வச்சாருன்னு கர்னலு ஐயா போலீசக் கூப்பிடப் போறாராம். பொழுதுக்குள்ள ரூமக் காலி பண்ணணும்ங்கிறாரு. நாங்க எங்கம்மா போவோம்?"

அத்தை பல்கூடத் துலக்கவில்லை. நைட்டி மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டர் மேல் சால்வை, தலையில் குல்லா. செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். "இப்படியேவாம்மா போற?" என்று மகள் கேட்டது காதில் விழவில்லை. பின்னாலேயே நானும் அவளும் ஓடினோம். மாமா கடைசியாக, கம்பளியைப் போர்த்திக்கொண்டு மெல்ல வந்தார். அவர் எங்கேயும் மெல்ல வருகிற மனிதர். வாயும் அப்படித்தான். ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் நாம் காபி குடித்து முடித்துவிடலாம்.

பிரின்ஸ் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலி ஓரம் விறைத்துக் கிடந்தது. வாயில் நுரை. பக்கத்தில் வாந்தி. கர்னலின் கண்கள் சிவந்திருந்தன. அழுதிருக்கிறார் என்பது தெரிந்தது. அவருடைய டிரைவர் பக்கத்தில் கைகட்டி நின்றார். கருப்பையா, பழனிக்குப் பாதயாத்திரை போக மாலை போட்டு, பச்சை வேட்டியில், குளிரில் நடுங்கிக்கொண்டு தனியாக நின்றார்.

"மேடம், இது என் வீட்டு விஷயம்" என்றார் கர்னல்.

"நாயி கெடக்குறது நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல. யாரு பாத்தது?"

டிரைவர் முன்னால் வந்தார். "நான் பாத்தேங்க. நேத்துச் சாயங்காலம் இந்த வேலி ஓரத்துல உக்காந்து கருப்பையா சாமி நாய்க்கு எதையோ ஊட்டிக்கிட்டு இருந்தாரு. போன வாரம் நாத்தப் பிடுங்கிப் போட்டுச்சுன்னு, உன்னக் கொல்லாம விடமாட்டேன்னு அதத் திட்டுனதையும் என் காதால கேட்டேன்."

"திட்டுனேங்கம்மா" என்றார் கருப்பையா. "தெனமும் திட்டுவேன். தெனமும் சாயங்காலம் டீக்கு வாங்குற பன்னுல பாதி அதுக்குத்தான் குடுப்பேன். நேத்தும் பன்னுதாங்கம்மா குடுத்தேன்."

"கொல்லுவேன்னு சொன்னவன்லாம் கொன்னுருவானா?" அத்தை கர்னலைப் பார்த்துக் கேட்டார். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து எங்க வீட்டுக்காரரத் தெனம் கொல்லுவேன்னு சொல்றேன். இந்தா நிக்கிறாரு பாருங்க, முழுசா."

டிரைவர் சிரித்துவிட்டார். கர்னல் சிரிக்கவில்லை. "பாய்சன் சாப்பிட்டிருக்கு மேடம். கொடுத்தது இவன். இதுக்கு மேல என்ன?"

அத்தை ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். வாந்தியைக் கிளறினார். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பார்த்தேன். அத்தையின் கண்கள் இடுங்கி, உதடு லேசாகத் திறந்து, கருவியைப் பிடித்திருக்கும்போது வருகிற அதே முகம்.

"இது பன்னு இல்ல. முள்ளு. மீன் முள்ளு. மோந்து பாருங்க. கருவாடு!"

யாரும் மோந்து பார்க்க முன்வரவில்லை. வாசனை தானாகவே வந்தது.

"கருப்பையா, மாலை போட்டு எத்தன நாளாச்சு?"

"அது ஆச்சுங்கம்மா, பத்து நாளுக்கு மேல."

"மாலை போட்ட வீட்டுல கருவாடு சமைப்பாகளா?"

"ஐயோ, முருகா!" என்று கருப்பையாவின் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கர்னல் சார், உங்க வீட்டுல?"

"எனக்கு அந்த ஸ்மெல்லே ஆகாது. வீட்டுக்குள்ள விடமாட்டேன்."

"இவுக வீட்டுல இல்ல, உங்க வீட்டுல இல்ல." அத்தை எழுந்தார். குச்சியைத் தூக்கிப் பிடித்தார். குரல் ஏறியது. "அப்ப நேத்து இந்தத் தெருவுல கருவாடு பொரிச்ச வீடு எது?"

கேட்டுவிட்டார். கேட்ட வாய் மூடவில்லை. தூக்கிய குச்சியும் இறங்கவில்லை. முகம் மட்டும் மாறியது.

நேற்று மத்தியானம் நான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நெத்திலி இல்லை, நல்ல பெரிய கருவாடு. எனக்காகத்தான் வாங்கியிருந்தார். என் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் பனிமூட்டத்துக்குள் எதையோ தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கருப்பையா தப்பிவிட்டார். கருவாடு எந்த வீடோ, யார் கண்டது என்று சொல்லிவிட்டு நாங்கள் கிளம்பி வந்திருந்தால், கர்னல் தெருத்தெருவாக மோப்பம் பிடித்துக்கொண்டு போகப் போவதில்லை. நிறுத்துவார் என்றுதான் நினைத்தேன். கட்டின புருஷன். விளையாட்டில் வருகிற கொலைகாரன் இல்லை.

"எங்க வீட்டுல" என்றார் அத்தை. குரல் மிகச் சின்னதாக வந்தது. பிறகு திரும்பினார். "ஏங்க, கருவாட்டுல ஒரு தலைத் துண்டக் காணோம்னு நேத்தே தேடுனேன். பூனை தூக்கிருக்கும்னு விட்டுட்டேன். நீங்க எடுத்தீங்களா?"

மாமா பனியிலிருந்து கண்ணை எடுத்தார். அவருடைய வார்த்தை வெளியே வர வழக்கமான நேரம் ஆனது.

"உருளக்கெழங்கப் பூராம் பெருச்சாளி தோண்டிருச்சு. மருந்து தடவி வச்சேன். நம்ம பக்கம்தான் வச்சேன். நாயி வரும்னு நெனக்கல."

"மருந்தா வெசமா?"

"வெசம்தான்."

அத்தை அவரை நோக்கிக் குச்சியை நீட்டினார். "கர்னல் சார், நாயக் கொன்னது இவரு."

கருப்பையா பதறிவிட்டார். "விடுங்கம்மா, ஐயாவப் போயி…" என்று இடையில் வந்தார். குற்றம் சுமத்தப்பட்டபோதுகூட அவர் அவ்வளவு கலங்கவில்லை. கர்னல் மாமாவை நோக்கி இரண்டு அடி எடுத்துவைத்தார். கை முஷ்டியாகியிருந்தது. மாமா தலையைக் குனிந்து நின்றார். அந்த நேரம் அவர் ரொம்பச் சின்ன உருவமாகத் தெரிந்தார்.

அத்தை குச்சியைக் கீழே போட்டார். நடந்துபோய் மாமாவுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"அங்கேயே நில்லுங்க சார். இப்ப இவரு என் கட்சிக்காரரு."

"வாட்?"

"இவரு வச்சது எங்க நெலத்துல. பெருச்சாளிக்கு. உங்க நாயி எங்க நெலத்துக்கு எப்படி வந்துச்சு? இந்தா, கம்பி பிஞ்சு கெடக்கே, இது வழியா. வேலி உங்களுது. ராத்திரி நாயக் கட்டிப்போடாம அவுத்துவிட்டது யாரு?"

கர்னல் பிய்ந்த கம்பியைப் பார்த்தார். அவருடைய முஷ்டி பிரிந்தது. நாயின் அருகில் போய் உட்கார்ந்து அதன் காதைத் தடவினார். "நான்தான். குளிருதேன்னு உள்ளே விடச் சங்கிலியை அவிழ்த்தேன். அது வேலிப் பக்கம் ஓடிப்போச்சு" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அத்தைக்கும் கண் கலங்கிவிட்டது. மாமா தானே வீட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்துவந்தார். அவரும் கருப்பையாவுமாக ஒரு பேரிக்காய் மரத்தடியில் குழி வெட்டினார்கள். உறைந்த மண் லேசில் வெட்டுப்படவில்லை. மூடி முடிந்ததும் மாமா கர்னல் முன்னால் போய்க் கைகூப்பினார். கர்னல் அந்தக் கைகளை மெல்லக் கீழே இறக்கிவிட்டார். பிறகு கருப்பையாவிடம் திரும்பி, "அறையைக் காலி பண்ண வேண்டாம்" என்றார். கருப்பையா சரி என்று தலையாட்டினார். ஆனால் பழனிக்கு நடந்துபோய்வந்ததும், மனைவியை அழைத்துக்கொண்டு கவுஞ்சிக்குப் போய்ப் பூண்டுத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஒருதரம் குற்றவாளி என்று கை நீட்டிச் சொன்ன வாசலில் மறுபடி தூங்க முடியாது என்றாராம்.

அன்று முழுக்க மாமா அத்தையோடு பேசவில்லை. வழக்கமாகப் பேசாததற்கும் இதற்கும் வித்தியாசம் தெரிந்தது. சோற்றைப் போட்டால் சாப்பிட்டார். கேட்டதற்குத் தலையாட்டினார். அத்தை கருவியைக் கையில் எடுக்கவில்லை. நான் சார்ஜ் போட்டு நீட்டியும் "இருக்கட்டும் மாப்ள" என்றார்.

மறுநாள் காலை நான் அடுக்களைக்குப் போனபோது அடுப்பின் முன் நின்றிருந்தார். காபி தயாராகி டம்ளரில் ஆவி பறந்தது. எடுத்துக்கொண்டு போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேமுல கொலைகாரன் இவன்தான்னு கண்டுபிடிச்சதும் பாட்டுப் போட்டு முடிச்சிருவான் மாப்ள" என்றார். "மறுநா காலையில அவனுக்குக் காபி போட்டுக்கொண்டு போயி நீட்டணும்னு அதுல சொல்லவே இல்ல."

சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். நானும் பின்னால் போனேன். மாமா வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அத்தை நீட்டினார். அவர் டம்ளரை வாங்கினார். காபியைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, ஒரு நாளுக்குப் பிறகு வாய் திறந்தார்.

"இதுல மருந்து ஏதும் தடவலையே?"

அத்தை டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி, உதட்டில் வைத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அவரிடமே திருப்பிக் கொடுத்தார். மாமா குடிக்க ஆரம்பித்தார்.